சாம்பல் அள்ளிய கை

துண்டு விரித்தாகிவிட்டது. உள்ளே கைதான் வரவில்லை.

விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டியில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

செல்லச்சாமி துண்டுக்கு அடியில் கையை நீட்டியபடி நின்றான். மண்டிக்காரர் கனகசபாபதி கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"மேகம் கருக்குது அண்ணாச்சி. நனைஞ்சா பத்து மூட்டையும் பூசணம் பூத்துரும். பிடிங்க."

"பிடிக்கிறதுதாம்லே இப்ப வெவகாரம்."

விவகாரம் தொடங்கியது போன வருஷம், 1954 மாசியில். செல்லச்சாமி அப்போது ஒரு சரக்குக் கப்பலில் கூலி. பசிபிக் கடலில் ஒருநாள் விடியும் முன்பே அடிவானம் எரிந்தது. சில மணி நேரத்தில் சுண்ணாம்புத்தூள் மாதிரி வெள்ளைச் சாம்பல் கொட்டியது. தளத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். வெறுங்கையால் அள்ளிக் கடலில் போட்டான். மூன்றாம் நாள் கை கொப்பளித்தது. எங்கோ ஒரு தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடிக்க வைத்துப் பார்த்த சாம்பல் அது என்று கரைக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள். கப்பல் கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பிவிட்டது.

புண் ஆறியது. தோல் மட்டும் அவித்த கிழங்குத் தோலாக வெளுத்து, இன்னும் உரிந்துகொண்டே இருந்தது.

அவன் ஊரான தாயில்பட்டியின் டீக்கடையில் யாரோ பத்திரிகையைச் சத்தமாகப் படித்தார்கள். ஜப்பான் மீனவர் படகிலும் அதே சாம்பலாம். அவர்கள் பிடித்த மீனைக் குழி வெட்டிப் புதைத்தார்களாம். மறுநாள் செல்லச்சாமி கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு குடமும் வரவில்லை. அடுத்த வாரம் அவன் வீட்டுப் பால் விற்கவில்லை. மிச்சம் இருந்தது இந்த வத்தல்தான். இதுவும் திரும்பிப் போனால், மிளகாய்ச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஊரைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

அவன் மனைவி வீரலட்சுமி முன்னால் வந்தாள். அவன் கையைத் துண்டிலிருந்து விலக்கித் தன் கையை உள்ளே விட்டாள்.

"அவுக கை ஆகாதுன்னா என் கை இருக்கு. பிடிங்க அண்ணாச்சி."

கனகசபாபதி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"என்ன தாயி இது. அடுத்த வீட்டுப் பொம்பள கைய நான் எப்படிப் பிடிக்க?"

"அப்ப வாயால சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

கனகசபாபதி தொண்டையைச் செருமினார். "பாதி விலை."

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சீனிவாசகம் சிரித்துவிட்டார். சிவகாசி வெடிக் கம்பெனி ஏஜென்ட். "நல்ல கூத்து. எங்க கம்பெனியில இந்த சீசனுக்கு அணுகுண்டுன்னு ஒரு வெடி போட்டுருக்கோம். லேபிள் அடிச்சு மாளல. அந்தப் பேருக்கு அம்புட்டு ஆர்டர்."

"பேரு சாம்பல் அள்ளலையே, அண்ணாச்சி," என்றான் செல்லச்சாமி.

தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. வேறு வழி இல்லை. பாதி விலைக்கே எடை போட்டார்கள்.

பணத்தை முடிந்துகொண்டு வீரலட்சுமி திரும்பியபோதுதான் அதைப் பார்த்தாள். அவர்களுடைய பத்து மூட்டையும் பிரிக்கப்பட்டு, மதராஸ் லாரிக்காகக் குவித்திருந்த பெரிய அம்பாரத்தில் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

"விசம்னு சொல்லித்தான பாதி விலை குடுத்தீக?"

"கலந்துட்டா என்ன தெரியப் போகுது. வண்டியப் பூட்டுங்க," என்றார் கனகசபாபதி, தணிந்த குரலில்.

செல்லச்சாமி வண்டிப் பக்கம் போகவில்லை. அம்பாரத்துக்குப் போனான். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்கை வரை வத்தலுக்குள் விட்டான். கிளறினான்.

அம்பாரத்தை வாங்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த மதராஸ் வியாபாரி எழுந்து நின்றார். "யார்யா அது? கையில என்ன?"

"ஏலே, எடுலே கைய," என்று கத்தினார் கனகசபாபதி.

"கலந்துட்டா தெரியாதுல்லா அண்ணாச்சி. நல்லாக் கலந்து விடுதேன்."

கனகசபாபதி பாய்ந்து வந்தார். செல்லச்சாமியின் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்து வெளியே இழுத்தார். இழுத்த பிறகுதான் எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்தது. உரிந்த தோல் ஒன்று அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

அடுத்து விலை பேசத் துண்டோடு நின்ற எம். புதுப்பட்டிக்காரர் சோலைமலை அந்த உள்ளங்கையைப் பார்த்து மெல்லப் பின்வாங்கினார். "நான் நாளைக்கு வாரேன் அண்ணாச்சி."

கனகசபாபதி தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்.

மழையில் வண்டி கிளம்பியது. "நல்லாக் குடுத்தீக அவருக்கு," என்றாள் வீரலட்சுமி.

அவன் சிரிக்கவில்லை. "என்னத்தக் குடுத்தேன்? அவரு ரெண்டு நாள் கை களுவினாச் சரியாப் போயிரும். நான் அடுத்த வருசமும் இந்தக் கையாலதான மிளகா பறிக்கணும்."

மண்டி வாசலில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லச்சாமி நனைந்த துண்டை எடுத்துக் கைகளை மூடிக்கொண்டான்.