அக்கரை ஓட்டு

வேல்ஸில் உள்ள எங்கள் ஊர் இருந்த இடத்தை விட்டு ஓர் அடிகூட நகர்ந்ததில்லை. நகர்ந்ததெல்லாம் தொகுதிதான். என் தாத்தா மலையடிவாரத்துக் கல்குவாரி ஊர்களோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார். என் அப்பா அதே வீட்டில் இருந்துகொண்டு கடற்கரை ஊர்களோடு சேர்ந்து போட்டார். எனக்கு ஓட்டுரிமை வந்த பதினோராவது வருடம், 1983இல், எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு மகராசன் வரைபடத்தை விரித்துப் பார்த்து, எங்கள் ஊரை ஒட்டிய அரன் ஆறுதான் ஏற்கெனவே நீலமாக ஓடுகிறதே, தனியாக எதற்குக் கோடு என்று நினைத்திருக்க வேண்டும். ஆற்றையே எல்லையாக்கிவிட்டார்.

அன்றிலிருந்து அக்கரை ஒரு தொகுதி, இக்கரை ஒரு தொகுதி. பாலத்தை நடந்து கடக்க நாலு நிமிடம். ஆனால் அவர்கள் எம்.பி. வேறு, எங்கள் எம்.பி. வேறு, அவர்கள் சாவடி வேறு, எங்கள் சாவடி வேறு. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் மூடியது, கடை மூடியது, கடைசியில் தேவாலயமும் மூடியது. இரண்டு கரைக்காரர்களும் ஒரே இடத்தில் நிற்பது சாவு வீட்டில் மட்டும் என்றாகிவிட்டது.

பிறகு நாடாளுமன்றத்தில் வேல்ஸுக்கு இருந்த நாற்பது இடங்களை முப்பத்திரண்டாகக் குறைத்தார்கள். அதில் எங்கள் தொகுதியையும் அக்கரைத் தொகுதியையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். புதுத் தொகுதியின் பெயரை வானொலியில் சொல்லி முடிப்பதற்குள் கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிடும். அந்தப் பெயரில் எங்கள் பள்ளத்தாக்கு இல்லை. மக்கள் கருத்தைக் கேட்டபோது எங்கள் ஊரிலிருந்து நிறையப் பேர் எதிர்த்து எழுதினோம். நானும் இரண்டு பக்கம் எழுதினேன். ஆதரித்துப் போனது ஒரே ஒரு கடிதம். தொகுதி எல்லை ஆணையத்தின் அறிக்கையிலும் அப்படியே அச்சாகியிருந்தது: 'இப்பகுதிவாசி ஒருவர் இணைப்பை ஆதரித்தார்.'

அந்த ஒருவர் இட்வல். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எழுபது வயது, கல்யாணம் ஆகாதவன், மலைச்சரிவில் கடைசி வீடு. ஆடுகளை விற்று ஆறு வருடம் ஆகிறது. என்னடா எழுதினாய் என்று கேட்டேன்.

"ஒரே வரிதான். நடுவுல பாலம் இருக்குன்னு எழுதினேன்."

அவன் எதற்காக எழுதினான் என்று எனக்குத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனுடைய அக்கா மோர்வித் இருக்கிறாள். அவர்கள் பேசி இருபத்தொன்பது வருடம்.

1995இல் மோர்வித் இக்கரையில்தான் இருந்தாள். அந்த வருடம் கவுன்சில் தேர்தலில் நின்றாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள், என் வீட்டுக்கே மூன்று தடவை வந்தாள். ஒரே ஓட்டில் தோற்றாள். ஓட்டுப் போட்டாயா என்று தம்பியைக் கேட்டதற்கு, போட்டேன் என்றான். போடவில்லை. அன்றைக்கு மலையில் ஓர் ஆடு குட்டி போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அதோடு போராடிவிட்டு அவன் கீழே இறங்கும்போது சாவடி மூடியிருந்தது. ஆடு என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பாள். இந்த மடையன் பொய் சொன்னான்.

மோர்வித் சும்மா இருக்கிறவள் அல்ல. தேர்தல் முடிந்ததும் வேட்பாளர்கள் கவுன்சில் அலுவலகத்துக்குப் போய், யார் யார் வந்து ஓட்டுச் சீட்டு வாங்கினார்கள் என்று குறியிட்ட பட்டியலைப் பார்க்கலாம். போனாள், பார்த்தாள். வந்தவர்கள் பெயர்மேல் எல்லாம் கோடு இருந்தது. தம்பி பெயர்மேல் கோடு இல்லை. நேராக அவன் வீட்டு வாசலுக்கு வந்து அதைச் சொன்னாள். அவன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "நான் போட்டிருந்தாலும் சமம்தானே ஆகியிருக்கும். அப்புறம் சீட்டுக் குலுக்கியிருப்பாங்க. அதுலயும் நீ தோத்திருக்கலாம்" என்றான். அடுத்த மாதமே அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனான். இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை. அவள் புருஷன் செத்தபோது இவன் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்றான்.

இந்த ஜூலையில் வந்தது புதுத் தொகுதியின் முதல் தேர்தல். அக்கரையில் சாவடியாக இருந்த தேவாலய அறையை யாரோ வாங்கி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகை விடுகிறார்கள். ஆகவே அக்கரைக்காரர்களும் இனி எங்கள் ஊர் மன்றத்தில்தான் ஓட்டுப் போட வேண்டும்.

நான் முப்பது வருடமாகச் சாவடியில் பட்டியல் பார்க்கிற வேலைக்குப் பெயர் கொடுக்கிறவள். பெயரைக் கண்டுபிடித்து, அளவுகோல் வைத்துக் கோடு போடுவேன். காலை ஆறரைக்கு நான் மன்றத்துக்குப் போனபோது வாசலில் நாற்காலி போட்டு இட்வல் உட்கார்ந்திருந்தான். மேல்கோட்டில், முதலாளிகளின் கட்சியான நீலக் கட்சியின் ரிப்பன் பூ.

குவாரித் தொழிலாளி மகன். இந்த ஊரில் நீலம் குத்தியவனை நான் பார்த்ததே இல்லை.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"யாரு போட்டாச்சுன்னு கட்சிக்குத் தெரியணுமாம். வர்றவங்க ஓட்டு அட்டை நம்பரைக் கேட்டுக் குறிச்சுக்க ஆள் வேணும்னாங்க."

"உன் கட்சியில கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். இந்தச் சாவடிக்கு ஆள் வேண்டாம்னுட்டாங்க. பச்சைக் கட்சியிலயும் வேண்டாம்னுட்டாங்க. இவங்கதான் ஆளு தேடி அலைஞ்சாங்க. நாற்காலி வேற குடுத்தாங்க."

"எதுக்குடா இதெல்லாம்?"

பென்சிலைக் கையில் உருட்டினான். "அக்கா வருவா இல்ல. நம்பர் என்னன்னு கேப்பேன்."

"சொல்லணும்னு சட்டம் இல்ல."

"அவளுக்கா தெரியாது. ஆனாலும் சொல்லுவா. தேர்தல் விஷயத்துல அவ மரியாதை தப்ப மாட்டா."

"சரி, சொன்னா?"

"எழுதிக்குவேன்."

"அப்புறம்?"

"நன்றின்னு சொல்லுவேன்" என்றான். அதற்கு மேல் அவன் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

உள்ளே போனேன். தலைமை அலுவலர் ஹெவின் ஒரு தாளை நீட்டினான். யார் வந்தார்கள், யார் வரவில்லை, பட்டியலில் என்ன இருக்கிறது, எதையும் சாவடி மூடும்வரை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து. முப்பது வருடமாகப் போடுவதுதான், போட்டேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அக்கரைப் பக்கங்களைப் புரட்டினேன். மோர்வித்தின் பெயர் இருந்தது. பக்கத்தில் 'ஏ' என்று ஓர் எழுத்து. தபால் ஓட்டு. அந்த எழுத்து இருக்கிறவர்கள் சாவடிக்கு வரத் தேவையில்லை.

மணி ஏழு. ஹெவின் கதவைத் திறந்தான். வெளியே இட்வல் எழுந்து நின்று மேல்கோட்டைச் சரிசெய்துகொண்டான்.

அன்றைக்குப் பகலை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். என் மேஜை வாசலை ஒட்டி இருந்ததால் வெளியே நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. வந்தவர்கள் அவனை ஓட்டித் தள்ளினார்கள். பால் பண்ணை நடத்துகிற கெத்தின் என்பவன் தன் நாயோடு வந்தான்.

"இட்வல், உங்கப்பா இருந்திருந்தா உன்னைக் குவாரிக் குழியிலேயே தள்ளியிருப்பாரு."

"அவருதான் இல்லையே. நம்பரைச் சொல்லு."

"என் நாய் நம்பர் சொல்லட்டுமா? அதுதான் உன் கட்சிக்கு விழுற ஓட்டு."

"நாய்க்கும் அட்டை இருந்தாக் காட்டச் சொல்லு, குறிச்சுக்கறேன்."

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. அவன் நாற்காலியைத் தாழ்வாரத்தின் கீழே அரை அடி நகர்த்திக்கொண்டான். பாலத்தின் மேல் எந்தத் தலை தெரிந்தாலும் நிமிர்ந்தான். அக்கரைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இருபத்தொன்பது வருடமாக முகம் மட்டும் தெரிந்தவர்களிடம் நம்பர் கேட்டு எழுதினான். யாரிடமும் அக்காவைப் பற்றி விசாரிக்கவில்லை.

கட்சி ஆபீஸில் தபால் ஓட்டுக்காரர்கள் பட்டியல் இருக்கும். ஒரு போன் போட்டால் சொல்லியிருப்பார்கள். அவனுக்குத் தோன்றவில்லையா, கேட்கப் பயந்தானா, எனக்குத் தெரியாது.

மத்தியானம் தேநீரும் இரண்டு துண்டு வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நனையுறியே. வீட்டுக்குப் போய்ட்டுச் சாயங்காலம் வாயேன்."

"அந்த நேரம் பார்த்து அக்கா வந்துட்டான்னா?"

"இந்த மழையில வயசானவ எங்க வரப்போறா."

அவன் ரொட்டியை வாயருகே நிறுத்தினான். "கிளெனிஸ், உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்" என்றேன். பொய் சொன்னான் என்று இத்தனை வருடம் நான் திட்டிய ஆளிடம் நானே முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். உள்ளே வந்து ஹெவின்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

மாலை ஆறரைக்கு ஒரு சிறிய சிவப்புக் கார் பாலத்தைக் கடந்து வந்து மன்றத்துக்கு எதிரே நின்றது. ஓட்டிவந்தது டெலித், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிற பெண், நகரத்துக்காரி. பக்கத்து இருக்கையில் மோர்வித். என் கை பட்டியலிலேயே நின்றுவிட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இட்வல் எழுந்து நின்றான், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

மோர்வித் கதவைப் பாதி திறந்தாள். வாசலைப் பார்த்தாள். கதவை மூடினாள். டெலித்திடம் ஏதோ சொன்னாள். டெலித் மட்டும் ஓர் உறையைக் மேல்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தாள்.

"உங்க நம்பர்" என்றான் இட்வல்.

"எனக்கு இங்க ஓட்டு இல்லீங்க. அந்தம்மா தபால் ஓட்டைக் குடுக்க வந்தேன். தபாலை நம்ப மாட்டாங்க. தன் கையால குடுக்கணும்னுதான் கிளம்பி வந்தாங்க." காரைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க வந்ததும் என்னையே போகச் சொல்லிட்டாங்க."

அவன் தலையாட்டினான். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. டெலித் உள்ளே வந்தாள், ஹெவின் கொடுத்த படிவத்தை நிரப்பினாள், உறையைக் கொடுத்தாள், போனாள். காரின் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. டெலித் குனிந்து கேட்டுவிட்டு மறுபடியும் வாசலுக்கு வந்தாள்.

"உங்க அக்கா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"கேளு."

"நீங்க ஓட்டுப் போட்டாச்சான்னு."

அவன் போடவில்லை. காலையிலிருந்து வாசலை விட்டு நகராதவன் எப்போது போட்டிருப்பான்? நானும் அக்கரைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவன் பெயரை நினைக்கவே இல்லை. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், கார் இருபது அடி தூரத்தில் நிற்கிறது. ஆமாம்னு சொல்லித் தொலைடா என்று என் மனம் கத்தியது.

"இல்ல" என்றான் இட்வல். "காலையிலிருந்து இங்கதான் இருக்கேன். மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்லு."

டெலித் போய்ச் சொன்னாள். கார் கிளம்பவில்லை. அவன் ரிப்பன் பூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். ஹெவின் அடையாள அட்டை கேட்டான். காலையிலிருந்து அவனோடு பேசிக்கொண்டிருந்தவன், பஸ் பாஸில் இருந்த போட்டோவையும் முகத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தான். நான் அவன் பெயர்மேல் கோடு போட்டேன். கோணலாக வந்தது. அவன் மறைப்புக்குள் போய்ச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போனான்.

கார் அங்கேயே இருந்தது. அவன் மழையில் இறங்கிப் படியில் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மோர்வித் சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை. ஒருமுறை தலையை அசைத்தாள், கணக்கு சரியாக இருக்கிறது என்பதைப் போல. பிறகு கார் திரும்பிப் பாலத்தின் மேல் ஏறியது.

நான் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்குக் கோபம் பொங்கியது, அழுகையும் வந்தது. இறங்கி நாலு வார்த்தை பேசினால் அந்தக் கிழவிக்கு என்ன குறைந்துவிடும்?

"நின்னாளே, பார்த்தியா" என்றான்.

"நின்னா. போயிட்டா."

"நான் போட்டுட்டு வர்ற வரைக்கும் நின்னா." விழுந்த நாற்காலியை நிமிர்த்தி, ஈரத்தைக் கையால் துடைத்து, மறுபடியும் உட்கார்ந்தான். பையிலிருந்து அந்தப் பூவை எடுத்துக் குத்திக்கொண்டான்.

"இனிமே யாருக்காக உக்காந்திருக்க? வீட்டுக்குப் போ, இட்வல்."

"போயி?" என்றான்.

முப்பது வருடமாக இந்த வேலைக்கு ஏன் பெயர் கொடுக்கிறாய், நேரத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாதா என்று என்னை யாராவது கேட்டிருந்தால், நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.