வெளிச்சம் கூடிப்போன காலை

அந்த நவம்பர் காலையில்தான் நுண்ணோக்கிக்குப் புது பல்பு போட்டேன். பழையது மஞ்சளாக அழுது வடியும். இது வெள்ளைவெளேரென்று எரிந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஸ்ரேம் வட்டாரத்துக் கிராமங்களில் குளிர் தொடங்கினால் வீட்டுக்கு வீடு பன்றி அறுப்பார்கள். அறுத்த கையோடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையில் ஒரு துண்டைக் கால்நடை நிலையத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை அரிசி அளவுக்கு நறுக்கி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே நசுக்கி, தின்றவர் உடம்புக்குள் போய்விடும் புழு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

அன்று இரண்டாவதாக வந்தவர் ஒப்ரென்.

"சீக்கிரம் பாருங்க டாக்டரம்மா. என் வீட்டுக்காரி ஸ்மில்யா கறியை அரைச்சு, குடலைக் கழுவி வச்சுட்டு என் தலையைத் தின்னுக்கிட்டிருக்கா."

"நான் சொல்ற வரைக்கும் யாரும் வாயில வைக்கக் கூடாது."

"பூனைக்குக்கூடப் போடல, போங்க!"

பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாப்பிடலாம் என்று சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

மூன்றாவது ஆளின் துண்டைப் பார்க்கும்போதுதான் உறுத்தியது. புழு இல்லை, சரி. தசைநாரின் கோடுகள்கூடவா தெரியாமல் போகும்? பனி விழுந்த வயல் மாதிரி எல்லாம் ஒரே வெளுப்பு. பல்பின் வெளிச்சத்தைக் குறைத்தேன். கண்ணாடி வைக்கும் மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைச் சற்று இறக்கி, அதன் திறப்பைப் பாதிக்குமேல் மூடினேன். கோடுகள் கறுப்பாக எழுந்து வந்தன.

அந்தப் புழுவுக்கு நிறம் கிடையாது. முன்பு பார்த்த இரண்டிலும் அது இருந்திருந்தாலும், அவ்வளவு வெளிச்சத்தில் தெரிந்திருக்காது.

நல்லவேளை, கண்ணாடிகளைக் கழுவியிருக்கவில்லை. முதல் ஆளுடையது சுத்தம். ஒப்ரெனுடையதை வைத்து மெல்ல நகர்த்தினேன். பத்துத் துண்டு வரை ஒன்றுமில்லை. பதினொன்றாவதில், சின்னக் கூட்டுக்குள் சுருண்டு படுத்திருந்தது.

ஆறு முறை போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முற்றத்தில் குடலில் கறி அடைத்த தொத்திறைச்சி மாலை மாலையாகத் தொங்கியது. ஒப்ரென் சிரித்தார். "வாசனை அங்க வரைக்கும் வந்துடுச்சா?"

"யாராவது சாப்பிட்டீங்களா? நான் தப்பாப் பாத்துட்டேன். புழு இருக்கு."

அவர் முகம் செத்துப்போனது. ஸ்மில்யா தன் விரலையே பார்த்தாள்.

"உப்பு பாத்தேன். பச்சையா. ஒரு விரல்தான்."

"எப்போ?"

"இவர் சீட்டைக் கொண்டுவந்தப்புறம்தான் டாக்டரம்மா."

அவளை என் காரிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அன்றே மாத்திரை தொடங்கினார்கள். பன்றி முழுவதையும் எரித்தோம். என் தவறை நானே மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன்.

தினமும் மாலையில் அவளுக்குப் போன் செய்தேன். காய்ச்சல் உண்டா, கண் வீங்கியதா, கைகால் வலிக்கிறதா? நான்காவது வாரம் ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தது.

"இனிமே கூப்பிடாதீங்க. போன் அடிச்சாலே எனக்கு ஜுரம் வர்ற மாதிரி இருக்கு" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஒப்ரென் இப்போது பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போகிறார்.