ஒத்துக்காதீங்க!

செம்மநத்தத்துக்கு மேலே எஸ்டேட் லைன் வீடுகளில் எந்த போனிலும் பேச்சு முழுசாக வராது. டவர் வேண்டுமென்றால் மிளகுக்கொடி படர்ந்த மரங்களைத் தாண்டிப் பாறை மேல் ஏறியாக வேண்டும். அன்று மத்தியானம் அமுதவல்லி அந்தப் பாறைக்கு ஓடினாள். அவள் பின்னால் லைனே ஓடியது.

சேலம் ஜெயிலிலிருந்து அவள் புருஷன் பாலகுமார் வீடியோ காலில் வரும் நேரம். எஸ்டேட்டில் மிளகு மூட்டை காணாமல் போன கேசில் அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். மூட்டை போன அன்றைக்கு அவன் காய்ச்சலில் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தது லைன் முழுக்கத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? போன வாரம் பேசும்போது, "அடுத்த வாய்தாவுல ஒத்துக்கறேன் அமுதா. இத்தன நாள் உள்ள இருந்ததையே தண்டனைன்னு கழிச்சு உட்ருவாங்களாம். இங்க இருக்கறவங்க சொல்றாங்க" என்றான். ஆள் வந்தால் போதுமென்று இவளும், "சரிங்க, ஒத்துக்கிட்டு வந்துருங்க" என்றுவிட்டாள்.

அந்த வாய்தா நாளைக்கு. காலையில்தான் ரூபி வந்தாள். ஏற்காடு பஜாரில் தையல் கடை வைத்திருப்பவள். இலவச சட்ட உதவிக்காரர்களோடு சேர்ந்து ஊர் ஊராக அலைகிறவள். சங்கதியைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, செய்யாத திருட்ட ஒத்துக்கிட்டா வெளிய வருவாரு. ஆனா திருடனா இல்ல வருவாரு? அந்தப் பேரு ஒட்டிக்குமுங்க. எந்த எஸ்டேட்டுல அப்பறம் வேலை குடுப்பாங்க? வக்கீல் வெக்கலீங்களா?"

"வேணுமான்னு கோர்ட்டுல மொதல்லயே கேட்டாங்களாம். வக்கீலுக்குக் குடுக்க எங்க போறதுன்னு வேண்டாம்னுட்டாருங்க."

"அட சாமி! அந்த வக்கீலுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க. ஜெயில்ல இருக்கறவங்களுக்குச் சும்மாவே வக்கீல் குடுக்கோணும்னு சட்டம் இருக்குது. தர்மமில்லீங்க, உரிமை! நாளைக்கு எங்க வக்கீல் கோர்ட்டுல இருப்பாரு. ஆனா இவரே வேண்டாம்னு சொல்லி ஒத்துக்கிட்டா அவரு என்ன பண்ணுவாரு? கோர்ட்டுல கிட்டப் போய்ப் பேசவும் உடமாட்டாங்க. இன்னைக்குப் பேசும்போதே சொல்லிருங்க."

சொல்ல விட்டால்தானே! போன் அடித்ததும் பெரியப்பா மாதையன் உரிமையோடு வாங்கிக்கொண்டார். லைனில் அது வழக்கம். வெளியூரில் இருப்பவன் பேசினால் பெரியவர்கள் நலம் விசாரித்த பிறகுதான் பெண்டாட்டி கைக்கு போன் வரும். ஜெயில் போன் கொஞ்ச நேரத்தில் தானே அறுந்துவிடும் என்பதெல்லாம் வழக்கத்துக்குத் தெரியுமா என்ன?

"கண்ணு, சாப்புட்டியா சாமி? அங்க மழ உண்டா?" என்றார் மாதையன். இங்கே பெய்த மழையை வேறு விஸ்தாரமாகச் சொன்னார். அமுதவல்லி அவர் முதுகுக்குப் பின்னால் தவியாய்த் தவித்தாள்.

அடுத்து நாத்தனார் வேலம்மாள். தம்பி முகத்தைப் பார்த்ததும் ரொம்ப நேரம் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடு கன்று போட்ட கதையை ஆரம்பித்தாள். கிடேரிக் கன்றாம். நெற்றியில் சுட்டியாம். பாறையில் மூடுபனி வேறு ஏறத் தொடங்கியது. ரூபி கையைப் பிசைந்தாள்.

"நங்கையா, குடுங்க" என்று நாத்தனாரிடம் கை நீட்டினாள் அமுதவல்லி.

"இரு அமுதா, அதுக்கு என்ன பேரு வெக்கறதுன்னு கேட்டுக்கறேன்."

அமுதவல்லிக்கு வந்ததே கோபம்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், போனைப் பிடுங்கினாள். மாதையன் வாய் திறந்தபடி நின்றார்.

"ஏனுங்க! ஒத்துக்காதீங்க! நான் சொன்னது தப்புங்க. நாளைக்கு வக்கீல் வேணும்னு கேளுங்க. காசு வேண்டாம், சும்மாவே குடுக்கோணும். உங்க உரிமைங்க! கேக்குதுங்களா? ஏனுங்க!"

திரையில் பாலகுமாரின் படம் அசையாமல் நின்றுவிட்டது. கண் பாதி மூடியிருந்தது. அப்புறம் திரை கறுத்துவிட்டது. அவன் காதில் எது விழுந்தது, எது விழவில்லை, ஒருவருக்கும் தெரியவில்லை. அமுதவல்லி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலம்மாள் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு புள்ள" என்றாள்.

மறுநாள் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் ரூபியின் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் அமுதவல்லி. போலீஸ்காரர் இருவர் நடுவில் பாலகுமாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் இளைத்திருந்தான். இவள் பக்கம் திரும்பவேயில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள்.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

பாலகுமார் வாயைத் திறந்தான், மூடினான். அமுதவல்லிக்கு எழுந்து கத்திவிடலாம் போலிருந்தது.

"ஒத்துக்கலீங்கம்மா. நான் எடுக்கலீங்க." குரல் முதலில் நடுங்கி, பிறகு திடப்பட்டது. "எனக்கு வக்கீல் வேணுமுங்க. சும்மாவே குடுக்கோணுமாமுங்க. அது என்ர உரிமையாமுங்க."

"யார் சொன்னது?"

"எங்க ஊட்லதானுங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க வீட்ல சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். சட்ட உதவி வக்கீல் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்று, ஜாமீன் மனு போடுவதாகச் சொன்னார்.

அப்போதுதான் பாலகுமார் திரும்பிப் பார்த்தான். அமுதவல்லி அழுதுகொண்டே சிரித்தாள். டவாலி உஸ் என்று அதட்டியும் அவளால் நிறுத்த முடியவில்லை.