நாற்பதுக்குள் திறக்க வேண்டிய மூக்கு

மருதமுனையில் எனக்கு அண்ணன் முறையான ஷரிபுதீன் காக்காவின் மூக்கைப் பற்றி என்னைவிட அதிகம் அறிந்தவர் இல்லை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தறியின் நூல் தூசு ஏறி ஏறிப் பீனிசமாகி, நாலு வருஷமாக அவருக்கு மணமும் இல்லை, நாற்றமும் இல்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டில் அவருடைய பெண்சாதி சித்தி லைலா மௌத்தானாள். அடக்கம் முடிந்து ஒரு கிழமை கழிய அவர் சைக்கிளில் வீரமுனைக்குப் போய் வந்தார். மறுநாள் விடியல் சுபஹுக்குப் பிறகு பார்க்கிறேன், கிணற்றடியில் குந்தியிருந்து, தொழுகைக்கு உளூ எடுக்கும் மூக்கு வைத்த கிண்டியில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரை நிறைத்து, தலையைச் சரித்து ஒரு மூக்கில் ஊற்றுகிறார். மற்ற மூக்கால் ஒழுகுகிறது!

இதை நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருப்பேனா? மதியம் லுஹருக்கு முன் தெருவே சிரித்தது.

"உளூவுக்கு நாமளும்தான் மூக்குக்குத் தண்ணி எடுக்கிற. இவர் வாய்க்கால் வெட்டி மதகுமல்லவா திறந்திருக்கார்" என்றார் என் புருஷன் ஆதம்பாவா.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பிறகு வேலியால் கேட்டே விட்டேன்.

"என்ன காக்கா, மூக்கால கடலக் குடிக்கப் போறீங்களா?"

"வீரமுனையில யோகம் படிச்ச வாத்தியார் ஒருத்தர் சொல்லித் தந்த, புள்ள. ஜலநேத்தி எண்டு பேர். ஒரு மாசம் விடாமச் செஞ்சா மூக்குத் திறக்குமாம்."

"இந்த வயசில மணந்து என்னத்தக் காணப் போறீங்க?"

அவர் உடுத்திருந்த சாரத்தால் முகத்தைத் துடைத்தார்.

"லைலாட உடுப்பெல்லாம் நாப்பதாம் நாள் கத்தம் ஓதக்குள்ள ஏழைகளுக்குக் குடுக்கிறதானே. அவ கடைசியா உடுத்த பச்சச் சாரி பெட்டிக்குள்ள அப்படியே கிடக்கு. நாலு வருசமாப் பக்கத்தில இருந்தும் அவட மணம் எனக்கு இல்லாமப் போச்சு. ஒருக்கா மணந்து பாத்திட்டுக் குடுப்பம் எண்டு..."

அன்றே, லைலாவின் உடுப்புகளைக் கொடுக்கும் பொறுப்பிலிருந்த அவருடைய தங்கை முனவ்வறாவிடம் போனேன். "அந்தப் பச்சச் சாரிய மட்டும் ஆருக்கும் குடுத்திராத. காக்காக்கு வேணுமாம்" என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. பெண்சாதியின் வேர்வையை மணக்க ஏங்கும் மனிதனைப் பற்றிக் கூடப்பிறந்தவளிடம் எப்படிச் சொல்வது? அவர் மூக்கை வீடு வீடாகக் கொண்டு திரிந்த எனக்கு அந்த இடத்தில்தான் வெட்கம் வந்தது.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் கிணற்றடியிலிருந்து ஒரு சத்தம்.

"புள்ளோவ்! உங்கட அடுப்பில சூடை மீனா பொரியுது?"

"ஓம் காக்கா!"

கிண்டி உருள, அவர் உள்ளே ஓடினார். நானும் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

கொடுப்பதற்கு எடுத்துவைத்த உடுப்புகள் பாயில் அடுக்கியிருந்தன. பச்சைச் சாரி மட்டும் தனியாக, விறைப்பாக மடித்தபடி.

"உங்களுக்கு வேணுமாம் எண்டு ராத்தா சொன்னா" என்றாள் முனவ்வறா, என்னைக் காட்டி. "மௌத்தான ஆள்ற உடுப்ப அழுக்கோட வெக்கலாமா? நேத்து நீங்க தறியில இருக்கக்குள்ள எல்லாத்தோடயும் அதையும் அவிச்சுத் துவச்சுக் கஞ்சி போட்டன்."

அவர் சாரியை எடுத்து முகத்தோடு சேர்த்து நீளமாக மூச்சிழுத்தார். மூக்கு நன்றாகத்தான் திறந்திருந்தது.

"நல்ல மணம் தங்கச்சி" என்றார். "சவுக்கார மணம்."

முனவ்வறா முகம் மலர்ந்தாள். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. சாரியை மடிப்புக் குலையாமல் பாயில் இருந்த மற்ற உடுப்புகளின் மேல் வைத்துவிட்டு, தறிக்குப் போனார்.