குருநகர் தொட்ட விளம்பரங்கள்

யாழ்ப்பாணத்துக் கரையோரக் குருநகரில் ஜெசிதா கடலுணவுச் சமையலுக்கென்று ஓர் இணையத்தளம் நடத்திவந்தாள். நண்டு உடைப்பது, கணவாய் துப்புரவாக்குவது, கூழுக்கு எந்தெந்த மீன் போடுவது என்று இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். பக்க ஓரத்தில் வரும் விளம்பரங்களை வாசகர்கள் தொட்டால் அவளுக்குச் சிறிய வருமானம்.

ஒரு திங்கட்கிழமை காலை விளம்பர நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளுடைய தளத்தில் செல்லாத கிளிக்குகள் நடந்திருக்கின்றனவாம். வாங்கும் எண்ணமே இல்லாமல் யாரோ விளம்பரங்களை அழுத்திக்கொண்டே இருக்கிறார்களாம். முப்பது நாளைக்கு விளம்பரம் கிடையாது. திரும்பவும் நடந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

ஜெசிதாவின் சந்தேகம் நேரே பருத்தித்துறைக்குப் போனது. அங்கே கோபிசங்கர் என்பவர் அதேபோல ஒரு சமையல் தளம் நடத்துகிறார். அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடியெடுத்து, பெயரைச் சொன்ன கையோடு சண்டையைத் தொடங்கினாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"தங்கச்சி, எதிரிக்கு உவ்வளவு பொறுமை இராது. உது பாசமான ஆக்கள் செய்யிற வேலை. எனக்கும் உதே கரைச்சல் என்ரை மாமியாலை வந்தது," என்றார். எந்த நேரத்தில், எந்த ஊரிலிருந்து கிளிக் வந்தது என்று தளத்தின் புள்ளிவிபரத்தில் பார்க்கச் சொன்னார்.

பார்த்தாள். எல்லாம் குருநகர். ஞாயிறு தவிர, நாள்தோறும் காலை ஒன்பதிலிருந்து பத்துவரை. படகுகள் கரைக்கு வந்தபிறகு மீனவர் சங்க மண்டபத்தில் கிழிந்த வலை பொத்துகிற நேரம் அது. அவளுடைய அப்பா அடைக்கலநாதன் அந்த நேரம் வேறெங்கும் இருக்கமாட்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பன்னிரண்டு பேர் வலையை மடியில் போட்டபடி கைபேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல நேரம் வந்தாய், பிள்ளை," என்றார் அப்பா. "இண்டைக்கு ஒரு விளம்பரமும் வரேல்லை. என்ன பழுதெண்டு பார்."

ஒரு மாதமாக நாளும் ஆளுக்குப் பத்துத் தடவை தொடவைத்தது அவர்தான். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர்கள் நீச்சல் வகுப்பு விளம்பரத்தைத் தொட்டிருந்தார்கள். சுபாஸ் என்பவரின் கைபேசியில் இப்போது எதைத் திறந்தாலும் சேலை விளம்பரம்தான் வந்தது. யாருக்கு வாங்குகிறாய் என்று கேட்டுவிட்டு மனைவி இரண்டு நாளாகக் கதைப்பதில்லை.

கணக்கு நிறுத்தப்பட்டதை ஜெசிதா சொன்னதும் எல்லாருக்கும் மனம் நொந்துபோனது.

"நாங்கள் என்ன, களவெடுத்தனாங்களே? பிள்ளைக்குக் கைகுடுத்தனாங்கள்," என்றார் அடைக்கலநாதன்.

ஒவ்வொரு தொடுகைக்கும் சேலைக் கடைக்காரர் காசு கட்டவேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். அவர் முகத்தில் மாற்றமில்லை.

"அப்பா, மீன் நிறுக்கேக்கை வியாபாரி தராசுத் தட்டிலை விரல் வைச்சால் என்ன செய்வியள்?"

அந்தக் குற்றத்துக்காக ஒருமுறை ஒரு வியாபாரியின் தராசையே கடலில் எறிந்தவர் அவர். வலையை மெல்ல இறக்கி வைத்தார்.

"பன்னிரண்டு விரல் வைச்சிருக்கிறம்," என்றார். கைபேசிகள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போயின.

அன்று பின்னேரம் அவள் நிறுவனத்துக்கு விளக்கம் எழுதினாள். அப்பா பக்கத்தில் கதிரை போட்டிருந்து, பிழை தன்னுடையது, மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதச் சொன்னார். தன் பெயரோடு படகின் பதிவு இலக்கத்தையும் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போட்டாள்.

முப்பத்தோராம் நாள் விளம்பரங்கள் திரும்பி வந்தன. அடைக்கலநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி எட்டிப் பார்த்தார். சுன்னாகத்துக் கடையொன்றில் நைலோன் வலை மலிவு என்று இருந்தது.

"நான் மெய்யாவே வாங்கப்போறனெண்டால்?"

"வீட்டாக்கள் தொடக்கூடாது, அப்பா."

அவர் கடையின் பெயரையும் விலாசத்தையும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி எடுத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.