சின்னவன் வாங்கிய கூலர்

சின்னவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, தலையில் பாதி நரை. இருந்தும் அப்பாவுக்கு அவன் சின்னவன்தான். அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மாடிவீட்டுக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம், பேர் வைத்துப் பெரிதாக என்ன ஆகப்போகிறது.

அப்பா லாரி ஓட்டியவர். கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கிற காய்ந்த நகரம் அவருடையது. அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். அங்கே உள்ளவர்களுக்கு வெயிலைச் சமாளிப்பது தண்ணீர் பட்ட பாடு. விடிந்ததும் ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்துவார்கள், ஈரச்சாக்கைத் தொங்கவிடுவார்கள், கூலரில் தண்ணீரை ஊற்றி ஓடவிடுவார்கள். வெளியே நெருப்பு கொட்டினாலும் உள்ளே சில்லென்றிருக்கும். சின்னவன் அப்படித்தான் வளர்ந்தான்.

இப்போது அவன் பிழைப்பது கடலோரத்தில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் மெஷின் அவன் பொறுப்பு. இங்கே வெயில் அப்படியொன்றும் உக்கிரம் இல்லை. காற்றுதான் எப்போதும் நனைந்து கிடக்கும். காலையில் உலர்த்திய துணி சாயந்திரமும் ஈரமாகவே இருக்கும், உடம்பும் அதே கதைதான்.

அம்மா போன பிறகு அப்பாவைத் தன்னோடு கூட்டிவந்தான். வந்த நாள் முதல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க வெயில் அடிக்கும்டா. இங்க ஒட்டிக்குது" என்றார், கழுத்தைத் துடைத்த துண்டைப் பிழிந்து காட்டினார். திரும்பிப் போகிறேன் என்று வாரத்துக்கு ஒருதரம் பையைக் கட்டுவார், மருமகள் அதைப் பிரித்து வைப்பாள். சின்னவனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான், அப்பா தன்னோடு இருக்கவேண்டும். சின்ன வயதில் அவர் வீட்டில் இருந்த நாட்களை விட ரோட்டில் இருந்த நாட்களே அதிகம். அவர் வந்து இறங்குவார், சாப்பிடுவார், தூங்குவார். இவன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும்.

அதனால்தான் கூலர் வாங்கினான். அப்பா தன் ஊர் வீட்டில் எதன் முன்னால் உட்கார்ந்திருந்தாரோ, அதே மாதிரி, பக்கங்களில் புல் அடைத்து அதில் தண்ணீர் ஊறிக் காற்று வருவது.

அவன் மனைவி கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், மருந்துக்கடையில் வேலை. இது வேற சூடு, காற்றே தண்ணீராக இருக்கிறது, இன்னும் தண்ணீரை அடித்தால் அது எங்கே போகும், ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். யார் கேட்டார்கள்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான். வேடிக்கை என்னவென்றால், சலவைக்கூடத்தில் ஆவியை வெளியே தள்ளும் ஃபேன் சற்று நின்றாலும், கதவைத் திறங்கடா என்று முதலில் கத்துகிறவன் அவன்தான். அந்தப் புத்தி வேலையிடத்தோடு சரி. வீட்டுக்கு வந்தால் அவன் பழையபடி காய்ந்த நாட்டுப் பிள்ளை.

கூலர் வந்த அன்றே பெரியவர் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "சில்லுனு இருக்குடா சின்னவனே" என்றார். அதற்கப்புறம் அவர் பையைத் தொடவில்லை. சின்னவன் தினமும் காலையில் ஜன்னல்களைச் சாத்துவான், தொட்டியை நிரப்புவான், வேலைக்குப் போவான். சாயந்திரம் வந்தால் அப்பா அதே நாற்காலியில் சிரித்தபடி இருப்பார். மனைவியும் அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். தான் சொன்னதுதான் சரி என்று அவள் ஒப்புக்கொண்டுவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான்.

லீவு நாட்களில் அவன் கூடுதல் வேலை பார்ப்பது வழக்கம். அந்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒரு நாள் முழுக்க அப்பாவோடு இருக்கலாமே என்று ஆசை.

அன்று வானம் மூடிக் கிடந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, இன்றைக்காவது ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாள். சொல்லிவிட்டு மாமனாரைப் பார்த்தாள். பெரியவர் வேண்டாம் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினார். பார்த்தாயா, அவருக்கே வேண்டாமாம் என்றான் சின்னவன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாவும் பிள்ளையும் சீட்டு விளையாடினார்கள். சுவர் வேர்த்தது. சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அதற்கும் சிரித்தார்கள். மலை இறக்கத்தில் பிரேக் போன கதையைப் பெரியவர் சொன்னார். சின்னவன் அதை அம்மா சொல்லித்தான் கேட்டிருந்தான், அவர் வாயால் கேட்டதில்லை. தண்ணீர் குறையக் குறைய எழுந்துபோய் ஊற்றினான். அவனுக்கும் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது, ஆனால் நாளெல்லாம் ஆவியில் நிற்கிற உடம்புக்கு அது உறைக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்குமுன் இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

மத்தியானம் பெரியவர் சாப்பாடு வேண்டாம் என்றார். கொஞ்சநேரம் கழித்து, "வண்டிய ஓரங்கட்டு" என்றார். கதையில் அடுத்தது வருகிறதாக்கும் என்று சின்னவன் சிரித்தான். மறுபடியும் அதையே சொன்னார். கையிலிருந்த சீட்டுகள் தரையில் விழுந்தன. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், இஸ்திரி மெஷினின் தகடு மாதிரி கொதித்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனான். டாக்டர் சின்ன வயதுக்காரர். வெயிலில் அலைந்தாரா என்று கேட்டார். இல்லை, வீட்டில்தான் இருந்தார், கூலர் போட்டிருந்தது என்று இவன் சொன்னான். ஜன்னல்? மூடித்தான் இருந்தது. டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உடம்பு முழுக்க ஐஸ் வைத்துப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பெரியவர் போய்ச்சேர்ந்தார்.

சின்னவன் அழவில்லை. எல்லாம் செய்தான், சொன்னதையெல்லாம் செய்தான். கையைக் கழுவு என்றால் கழுவினான், உட்கார் என்றால் உட்கார்ந்தான். காய்ந்த நகரத்திலிருந்து வந்த அக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூலரெல்லாம் வாங்கி வைத்து ராஜா மாதிரி பார்த்துக்கொண்டாயே, நான் கூடச் செய்யவில்லையே என்றாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். உள்ளே மரக்கட்டையாக இருந்தது.

அக்கா ஊருக்குப் போன மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். மனைவி எழுந்துபோய் ஜன்னல்களைத் திறந்தாள். அவன் வாளியோடு நின்றான்.

அவள் கூலரின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே, தினமும் நடந்ததைச் சொன்னாள். அவன் தெருமுனை திரும்பியதும் பெரியவர் திறக்கச் சொல்வாராம். கூலரை நிறுத்திவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காருவார், பனியனை மாற்றுவார். அவள் கடைக்குப் போனபிறகும் திறந்தபடியே இருக்கும். இவன் வரும் நேரம் பார்த்து அவரே எழுந்து ஒவ்வொன்றாகச் சாத்துவார், கூலரைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார்.

"'ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான், மனசு உடைஞ்சிடுவான், சொல்லிடாதம்மா'ன்னாரு. சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள்.

சின்னவன் வாளியைக் கீழே வைத்தான். "சில்லுனு இருக்குன்னு சொன்னாரு."

"உங்ககிட்ட வேற என்ன சொல்லுவாரு?"

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"அப்போ அன்னிக்கு மட்டும் ஏன்..." என்று கேட்க ஆரம்பித்தான்.

அவள் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு நீங்க வீட்லயே இருந்தீங்களே."

சின்னவன் சரி என்று தலையாட்டினான். பிறகு, கடையில் ஏதாவது வாங்கிவர வேண்டுமா என்று கேட்டான்.