இணைச்சீருக்குப் போன ஃபோர்டு

மோட்டாரைப் பத்தி என்றகிட்ட யாரும் வாய் குடுக்கறதில்லைங்க. குடுத்தா நான் லேசுல விடமாட்டேன். புதுசு ஒசத்தியா பழசு ஒசத்தியான்னு கேட்டா, எங்க ஊட்டு டி மாடல் ஃபோர்டுதான் ஒசத்தின்னு அடிச்சுச் சொல்லுவேன். மேல துணிக்கூரை, நாலு பக்கமும் தொறப்பு, எட்டி நின்னா ஆளுயரம். பெட்ரோல் தொட்டி முன் சீட்டுக்கு அடியில இருக்கும். பம்பு கிம்பு ஒண்ணும் கிடையாது. வாய்க்கால் தண்ணியாட்டம் பெட்ரோல் அதுவா எஞ்சினுக்கு ஓடும். கோளாறு வந்தா ஒரு துண்டுக் கம்பியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தாப் போதும்.

புதுசுல நல்லதே இல்லைன்னு நான் சொல்லலீங்க. பொத்தானை அமுத்துனா கெளம்பீருது, மழைக்கு நனைய வேண்டாம், பிரேக்கு சொன்ன பேச்சு கேக்குது. ஆனா கண்ணாடிய ஏத்தி மூடிக்கிட்டு பொட்டிக்குள்ள உக்காந்தா எஞ்சின் என்ன சொல்லுதுன்னே காதுல உழுகாது. எஞ்சின் பேச்சைக் கேக்காம வண்டி ஓட்டறது, புருசன் பேச்சைக் கேக்காம குடித்தனம் பண்றதைவிட மோசமுங்க. ரெண்டாவதை நான் வேண்டிய மட்டும் பண்ணியிருக்கேன். ஒண்ணும் ஆகல.

எங்க ஊட்டுக்காரர் கந்தவேலுக்கு ராசிபுரத்துல பருத்தி யாவாரம். அவர்தான் கதிரடிக்கிற களத்துல வெச்சு எனக்கு வண்டி பழக்குனாரு. களத்தைத் தாண்டக்கூடாதுன்னு மாமியாகிட்ட இருந்து உத்தரவு. பொம்பள ரோட்டுல மோட்டார் ஓட்டுனா மானம் கப்பலேறிருமாம்!

சரி, விசயத்துக்கு வாரேன். ரெண்டாவது உலகச் சண்டை ஆரம்பிக்கறதுக்கு ஒரு வருசம் முந்தி, என்ற தம்பி மணியனுக்குக் கல்யாணம் வெச்சாங்க. எனக்குக் கூடப்பொறந்தது அவன் ஒருத்தன்தான். எங்க சாதியில தாலி கட்டறதுக்கு முந்தி இணைச்சீர்னு ஒண்ணு உண்டுங்க. கூறைச்சேலையோட ஒரு முனைய மாப்பிள்ளை புடிச்சுக்குவான், மறுமுனைய அவன் கூடப்பொறந்தவ புடிச்சுக்கிட்டு பக்கத்துல நிப்பா. கலியாணமாகிப் போனாலும் பொறந்த ஊட்டுல உனக்கு ஒரு எடமிருக்கு அம்மிணின்னு ஊரறியச் சொல்ற சீரு அது. நேரத்துக்கு அவ வரலைன்னா பங்காளி ஊட்டுப் பொண்ணு யாரையாவது நிக்க வெச்சு முடிச்சிருவாங்க.

எங்களைப் பெத்த அய்யன் காலமானதுக்கப்பறம் எங்க ஊட்டுக்குப் பெரிய தலை சித்தப்பா கைலாசம். அவரு அப்பத்தான் பளபளன்னு கண்ணாடி வெச்ச ஒரு மூடு வண்டி வாங்கியிருந்தாரு. ஒரு வாரம் முந்தியே வந்து எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாரு: "மாப்பிள்ளை, இணைச்சீருக்கு எங்க பொண்ணை என்ற புது வண்டியில அழைச்சுக்கறேன். உங்க தகர டப்பாவப் பந்தலுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தி எங்க மானத்தை வாங்கிராதீங்க."

எனக்குச் சுர்ருன்னுச்சு. தம்பி மூஞ்சிக்காக வாயை மூடிக்கிட்டேன்.

கல்யாணத்தன்னைக்கு விடிஞ்சதும் மூடு வண்டி வந்து வாசல்ல நின்னுது. பாத்ததும் தலையில அடிச்சுக்கிட்டேன். முன்னால ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, நடுவுல கை தடிமனுக்கு செண்டுமல்லி மாலை நாலஞ்சு சுத்து, அதுக்கு மேல மாவிலைத் தோரணம். காத்து உள்ள போற சல்லடை ஒரு துளி கண்ணுக்குத் தெரியல. கோயில் தேருக்குக் கட்டறாப்புல கட்டியிருக்காங்க. தேருக்கு ரேடியேட்டரு ஏதுங்க?

"ஏனுங்க, மூக்கை அடைச்சா வண்டி மூச்சு உடுமா? அதை அவுத்துருங்க"ன்னேன்.

"பெரியவரு அவரு கையாலயே கட்டுனதுங்க. அவுத்தா என்ற வேலை போயிரும்"னாரு டிரைவரு.

ஏறி உக்காந்தேன். சீர்ச் சாமானை எல்லாம் ஃபோர்டுல போட்டுக்கிட்டு எங்க ஊட்டுக்காரர் பின்னால வந்தாரு. ஊர் எல்லையிலயே நிறுத்திக்கணும்னு அவருக்கு உத்தரவு. வையப்பமலை தாண்டறதுக்குள்ள மூடு வண்டி இரும ஆரம்பிச்சுது. கொஞ்ச தூரத்துல குபுகுபுன்னு ஆவி. டிரைவரு பதறிப்போயி பக்கத்துக் கெணத்துல ஒரு குடம் தண்ணி சேந்தியாந்தாரு. "ஆறட்டுமுங்க, ஊத்தாதீங்க!"ன்னு கத்தறேன், மனுசன் காதுல வாங்கலையே! பழுக்கக் காஞ்ச எஞ்சினுக்குள்ள பச்சைத் தண்ணிய ஊத்திட்டாரு. டப்புன்னு ஒரு சத்தம். இரும்பு விரிசல் உட்டுருச்சு, சோலி முடிஞ்சுது.

நேரமோ ஓடுது. எங்க ஊட்டுக்காரர் ஃபோர்டை நிறுத்தி, சாமானை நவுத்தி எனக்கு எடம் பண்ணிட்டு, மறுபடி கெளப்பறதுக்குக் கைப்புடிய மாட்டிச் சுத்துனாரு. அவசரத்துல ஸ்டீரிங் வளையத்துக்குக் கீழ இருக்கற தீப்பொறிக் குச்சிய மேல தூக்கி வெக்க மறந்துட்டாரு. அப்படி வெக்கலைன்னா பொறி முந்திக்கும். எஞ்சின் பின்வாங்கி உதைச்சுது பாருங்க, கைப்புடி அவர் மணிக்கட்டைத் திருகிருச்சு. "அய்யோ"ன்னு உக்காந்துட்டாரு. கை பொசுபொசுன்னு வீங்கிருச்சு. பழசுல இருக்கற கெட்ட கொணம் இது ஒண்ணுதான், ஒத்துக்கறேன்.

மூடு வண்டி டிரைவருக்கு ஃபோர்டோட மூணு மிதியும் புரியல. எது கிளச்சு, எது பிரேக்குன்னு முழிக்கறாரு.

"பூவாத்தா, நீ எடு"ன்னாரு எங்க ஊட்டுக்காரர், வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு.

"ரோட்டுலயா? அத்தை..."

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். எடு!"

முந்தானைய இழுத்துச் செருகுனேன். எங்க ஊட்டுக்காரரைப் பக்கத்துல உக்கார வெச்சு, குச்சிய மேல தூக்கி வெச்சு, நானே கைப்புடிய ஒரு இழுப்பு இழுத்தேன். கெளம்பிருச்சு என்ற ராசா! களத்துல வட்டமடிச்ச கையி, நீட்ட ரோட்டைப் பாத்ததும் பயந்து போகும்னு நெனச்சேன். அடப் போங்க, பயமாவது! ஏர் ஓட்டுறவங்க ஏரை நிறுத்திட்டுப் பாத்தாங்க. சந்தைக்குப் போற பொம்பளைங்க வாயில கையை வெச்சாங்க. நான் ஆரனை அமுத்திக்கிட்டே போனேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதுவரைக்கும் வந்ததில்லைங்க.

நான் பொறந்த கரட்டுப்பாளையம் மேட்டு மேல இருக்கற ஊரு. ஏத்தம் செங்குத்தா இருக்கும். பாதி ஏறுனதும் எஞ்சின் திக்கித் திணறி நின்னுபோச்சு. பெட்ரோல் கம்மியாயிருச்சு, மூக்கு மேல தூக்குனதும் சீட்டுக்கடியில இருக்கறது முன்னால ஓடல. மேல கொட்டுச் சத்தம் கேக்குது. "நேரமாச்சு, ராசம்மாளை நிக்கச் சொல்லு"ன்னு சித்தப்பா போடற சத்தமும் கேக்குது. ராசம்மா அவரு மக.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. மூக்கு மேல போனாத்தானே பெட்ரோல் வராது? பின்பக்கம் மேல போகட்டுமே! பிரேக்கை மெல்ல விட்டு அடிவாரத்துக்கு இறக்கி, எஞ்சினைக் கெளப்பி, வண்டியத் திருப்பி, நடு மிதிய அமுத்துனேன். அது பின்னால போறதுக்கான மிதி. அந்த வண்டிக்கு இருக்கற பலத்துலயே பெரிய பலம் அதுலதான் இருக்கு. கழுத்தைத் திருப்பிப் பாத்துக்கிட்டே, அண்டாவும் குண்டாவும் கடகடக்க, வண்டியப் பொறத்தாலயே ஏத்துனேன். திக்கல, திணறல. பந்தல் வாசல் வரைக்கும் ஒரே மூச்சு.

கொட்டுக்காரங்க கையை நிறுத்திட்டாங்க. ஊரே வாயப் பொளந்து நிக்குது. ராசம்மா கூறைச்சேலை முனையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. மணியன் மட்டும் இன்னொரு முனையைத் தொடாம, கையைக் கட்டிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறான்.

நான் எறங்கி ஓடுனேன். ராசம்மா சேலைய என்ற பக்கம் நீட்டுனா. "உங்க எடமுங்கக்கா"ன்னா. நல்ல புள்ள.

"கையைப் பாரு! அத்தனையும் கருப்பெண்ணெய். கூறைச்சேலைய அந்தக் கையிலயா தொடறது?"ன்னாரு சித்தப்பா.

"இருக்கட்டும் சித்தப்பா. அந்தக் கையிலயே புடி அக்கா"ன்னான் மணியன். மத்த முனைய அவன் எட்டிப் புடிச்சுக்கிட்டான்.

புடிச்சேன். வெக்கமில்லாம அழுதேனுங்க, அத்தனை சனத்துக்கு மத்தியில. கொட்டு மறுபடியும் முழங்குச்சு. சேலை ஓரத்துல என்ற பெருவிரல் கருப்பா பதிஞ்சுது. அதைக் கட்டிக்கிட்டுத்தான் என்ற தம்பி பொண்டாட்டி மணவறையில உக்காந்தா.

பந்தி நடக்கறப்ப சித்தப்பா மெல்ல என்ற பக்கத்துல வந்து நின்னாரு. மூஞ்சியில ஈயாடல. தொண்டையைச் செருமிக்கிட்டுக் கேட்டாரு: "அம்மிணி, என்ற வண்டி நடுரோட்டுல நிக்குதாமா. கயிறு கட்டி இழுத்தா உன்ற வண்டி தாங்குமா?"

"நல்லாத் தாங்குமுங்க சித்தப்பா. ஆனா இன்னைக்கு நான் மாப்பிள்ளைக்கு அக்கா. நாளைக்கு வந்து இழுத்துத் தாரேன், போய்ச் சாப்புடுங்க"ன்னேன்.